பழத்திலுள்ள நீர் எங்கே போகிறது?

கோவை உக்கடத்தில் பழனிப் பேருந்து வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இறங்குவோரில் சிலருடைய பைகளிலாவது பஞ்சாமிர்த டப்பா இருக்கும். சாலையோரத் தள்ளுவண்டியில் கொய்யாவும் பப்பாளியும் வாழையும் குவிந்திருக்கும். பக்கத்துப் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜாம் தடவிய பன்னும், சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி பதித்த கேக்கும் இருக்கும். மேல்தட்டில் தேன் நெல்லியும் எலுமிச்சை ஸ்குவாஷும் வரிசையாக நிற்கும்.

இவை யாவும் பழத்திலிருந்து வந்தவையே. ஆனால் தள்ளுவண்டியில் உள்ள கனிந்த பழம் மூன்று நாள் தாங்குவதே அரிது. மாலையானதும் விலையைக் குறைத்தாவது விற்றுவிட வியாபாரி முயல்வது அதனால்தான். பேக்கரியில் உள்ள ஜாமோ பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது.

“சர்க்கரை போட்டால் பழம் கெடாது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியானால் சர்க்கரை கலந்த பழச்சாறு மறுநாளே புளித்து நுரைப்பது ஏன்? ஸ்குவாஷில் ஜாமைவிடச் சர்க்கரை குறைவு. அது ஏன் கெடுவதில்லை? பஞ்சாமிர்தம் அடுப்பில் ஏறுவதே இல்லை. அது எவ்வாறு தாங்குகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பழத்திலுள்ள நீரை நாம் என்ன செய்கிறோம் என்பதே அது.

இருந்தும் இல்லாத நீர்

பெரும்பாலான பழங்களில் 100 கிராமுக்கு 80 முதல் 90 கிராம் வரை நீர் உண்டு. பழத்தைக் கெடுக்கும் பாக்டீரியா, ஈஸ்ட், பூசணம் ஆகிய மூன்றும் இந்த நீரைக் கொண்டே வாழ்கின்றன. அவை உணவை மென்று தின்பதில்லை. நீரில் கரைந்த உணவையே தம் செல்லின் சவ்வு வழியாக உறிஞ்சிக்கொள்கின்றன.

பழத்தில் சர்க்கரையை மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. நீர் அங்கேயே இருக்கிறது. ஆனால் நுண்ணுயிருக்குக் கிடைப்பதில்லை. அதுமட்டுமன்று; நுண்ணுயிரின் உடலிலுள்ள நீரையும் அடர்ந்த பாகு வெளியே இழுத்துவிடுகிறது. இதுவே நீங்கள் பள்ளியில் படித்த சவ்வூடு பரவல். கடலில் தவிப்பவன் சுற்றிலும் நீர் இருந்தும் தாகத்தால் வாடுவதைப் போன்றது ஜாமில் விழுந்த பாக்டீரியாவின் நிலை.

நுண்ணுயிருக்குக் கிடைக்கும் நீரை அளக்க அறிவியலார் ‘நீர்ச் செயல்திறன்’ என்னும் அளவைப் பயன்படுத்துகின்றனர். தூய நீருக்கு இது 1. புதிய பழத்தில் 0.97க்கு மேல் இருக்கும். உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91க்குக் கீழே வளர்வதில்லை. ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 0.88க்குக் கீழேயும், பூசணங்களில் பெரும்பாலானவை 0.80க்குக் கீழேயும் அடங்கிவிடும். ஜாமின் நீர்ச் செயல்திறன் ஏறத்தாழ 0.75 முதல் 0.85 வரை. ஆகவே ஜாமில் பாக்டீரியா வளர்வது கடினம். ஆனால் சில பூசணங்கள் வளர்ந்துவிட முடியும். பழைய ஜாம் சீசாவைத் திறக்கும்போது நாம் காண்பது பெரும்பாலும் பூசணமாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

சர்க்கரை கலந்த பழச்சாறு ஏன் புளிக்கிறது என்பதும் இப்போது விளங்கும். அதிலுள்ள சிறிதளவு சர்க்கரை நீரைப் பிணைக்கப் போதாது. ஈஸ்ட்டுக்கு அது விருந்தாகிவிடுகிறது. குறைந்த சர்க்கரை உணவு. மிகுந்த சர்க்கரை பூட்டு.

ஜாம் காய்ச்சுவோர்க்கு ஒரு கணக்கு

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஜாமில் நூற்றுக்கு 65 பங்காவது கரைந்த திடப்பொருள் இருக்கவேண்டும். அதில் பெரும்பகுதி சர்க்கரையே. பழத்தின் பங்கு 45க்குக் குறையக் கூடாது. ஸ்ட்ராபெரி போன்ற சில பழங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. காய்ச்சுவோர் சற்று முன்னெச்சரிக்கையாக 68 பங்கு வரை கொண்டுசெல்வார்கள்.

ஒரு கிலோ கொய்யாக் கூழும் ஒரு கிலோ சர்க்கரையும் எடுத்துக்கொள்வோம். கூழில் இயல்பாகக் கரைந்துள்ள பொருள் சுமார் 100 கிராம். ஆக மொத்தத் திடப்பொருள் 1,100 கிராம். இது 68 பங்காக வேண்டுமானால் ஜாமின் இறுதி எடை சுமார் 1,620 கிராம். அதாவது 380 கிராம் நீர் ஆவியாகிப் போகவேண்டும்.

“இனிப்பு அதிகம், சர்க்கரையைப் பாதியாக்குவோம்” என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அரைக் கிலோ. திடப்பொருள் 600 கிராம். முன்போலவே 380 கிராம் நீரைப் போக்கி இறக்கினால் மிஞ்சுவது 1,120 கிராம். அதில் திடப்பொருள் 54 பங்குகூட இல்லை. பார்வைக்கு ஜாம்போல் இருந்தாலும் அது சில நாளில் புளிக்கும். சரியான அடர்த்திக்குக் கொண்டுவர 600 கிராமுக்கு மேல் நீரைப் போக்கவேண்டும். அவ்வளவு நேரம் கொதித்தால் நிறம் கறுத்து மணமும் குன்றிவிடும். கிடைப்பதும் சுமார் 880 கிராம்தான். ஜாமில் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அதைக் குறைத்தால் காவலையே குறைத்தவராவோம். கடைகளில் விற்கும் குறைந்த சர்க்கரை ஜாம்கள் வேறு வகைப் பெக்டினையும் பெரும்பாலும் பாதுகாப்புப் பொருள்களையும் நம்பியிருப்பவை. திறந்த பிறகு அவற்றைக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும்.

இறுகுவது எதனால்?

ஜாம் இறுகி நிற்பதற்குக் காரணம் பெக்டின். பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசை இது. பிரெஞ்சு வேதியியலார் ஆன்றி பிராக்கன்னோ 1825ஆம் ஆண்டில் இதைப் பிரித்தெடுத்து விவரித்தார். பெக்டினின் நீண்ட இழைகள் நீரில் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த விலக்கம் தணிகிறது. சர்க்கரை சேர்ந்தால் இழைகளைச் சூழ்ந்த நீர் விலகுகிறது. அப்போது இழைகள் கைகோத்து ஒரு வலையாகின்றன. பாகு வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. பெக்டின், அமிலம், சர்க்கரை ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் வலை அமையாது.

எந்தப் பழம் எதற்கு ஏற்றது என்பதை இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன. கொய்யா, விளாம்பழம், புளிப்பு ஆப்பிள், எலுமிச்சை இனப் பழங்களின் தோல் ஆகியவற்றில் பெக்டின் மிகுதி. இவை ஜெல்லிக்கு ஏற்றவை. அன்னாசியிலும் நன்கு கனிந்த பப்பாளியிலும் ஸ்ட்ராபெரியிலும் அது போதாது. இவற்றைத் தனியே காய்ச்சினால் ஒழுகும். கொய்யாவோ கடையில் கிடைக்கும் பெக்டின் தூளோ துணைக்கு வேண்டும். கொய்யாவில் பெக்டின் இருந்தாலும் புளிப்புப் போதாது. எலுமிச்சைச் சாறு அதை நிறைவு செய்கிறது. நன்கு கனிந்த பழத்தைவிடச் சற்றுக் காய்ப்பதமான பழமே நன்றாக இறுகும். பழம் கனியக் கனியப் பெக்டின் சிதைந்துபோவதே காரணம்.

இப்போது வகைகளைப் பிரித்துக் காண்பது எளிது. பழக்கூழைச் சர்க்கரையோடு காய்ச்சினால் ஜாம். பழத்தை வேகவைத்து, பிழியாமல் வடித்த தெளிந்த சாற்றைக் காய்ச்சினால் ஜெல்லி. எலுமிச்சை இனப் பழத்தின் ஜெல்லியில் அதன் தோல் சீவல்களையும் மிதக்கவிட்டால் மார்மலேடு. சீமை மாதுளை எனப்படும் ஒரு பழத்தின் போர்ச்சுகீசியப் பெயரான ‘மார்மெலோ’ என்பதிலிருந்து பிறந்த சொல் அது. இன்று ஆரஞ்சுக்கே உரியதாகிவிட்டது.

குன்னூரில் வெப்பமானி ஏமாற்றும்

ஜாமை எப்போது இறக்குவது? பாகு அடர அடர அதன் கொதிநிலை உயரும். எனவே 105 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் இறக்குக என்று பல நூல்கள் கூறுகின்றன. இது கடல் மட்டத்துக்கு உரிய அளவு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உயரம் 300 மீட்டர் கூடுந்தோறும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது.

கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு நீர் 98.6 டிகிரியளவில் கொதிக்கிறது. நீலகிரிப் பழங்களைத் தோட்டக்கலைத் துறையினர் ஜாமும் ஜெல்லியுமாக ஆக்கும் குன்னூரோ சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கு நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கு ஜாம் 98.5 முதல் 99 டிகிரிக்குள் பதத்துக்கு வந்துவிடுகிறது. நூலை நம்பி 105 வரை காய்ச்சினால் கிடைப்பது கம்பிப் பாகாகத்தான் இருக்கும், பெக்டினும் சிதைந்திருக்கும். ஆகவே முதலில் உங்கள் ஊரில் வெறும் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பாருங்கள். அதனோடு நாலரை முதல் ஐந்து டிகிரி கூட்டுங்கள். எந்த ஊரிலும் பொருந்தும் கணக்கு இது. வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். ஆறியபின் விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்கவேண்டும்.

துண்டு துண்டாக

பேக்கரி கேக்கில் உள்ள டூட்டி ஃப்ரூட்டி எந்தப் பழம் என்று கேட்டால் பலர் செர்ரி என்பார்கள். பெரும்பாலும் அது பப்பாளிக் காய். இதில் பழத்தைக் கூழாக்குவதில்லை. துண்டின் வடிவம் மாறாமலே அதனுள் இருக்கும் நீருக்குப் பதிலாகச் சர்க்கரையைக் குடியேற்றவேண்டும்.

காய்த்துண்டுகளை நேரே கெட்டிப்பாகில் போட்டால் என்ன ஆகும்? நீர் விரைந்து வெளியேறும். பெரிய மூலக்கூறான சர்க்கரை மெதுவாகவே உள்ளே நுழையும். துண்டு வற்றல்போல் சுருங்கிவிடும். ஆகவே 30, 40 பங்கு சர்க்கரையுள்ள நீர்த்த பாகில் தொடங்கி, நாள்தோறும் பாகைச் சிறிது கெட்டியாக்கி, 70 பங்குக்கு மேல் கொண்டுசெல்வார்கள். பிறகு பாகை வடித்து உலர்த்துவார்கள். துண்டுகளை முன்னதாகச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைப்பதும் உண்டு. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டின் இழைகளைப் பிணைப்பதால் துண்டு குழையாமல் நிற்கும். உலர்த்தாமல் பாகிலேயே வைத்துவிட்டால் அது முரப்பா.

தேன் நெல்லியும் இவ்வகையே. ஆனால் வீட்டில் செய்யும் தேன் நெல்லி சில வேளை நுரைத்துப் பொங்குவது ஏன்? தேன் தானாகக் கெடாது. அதில் நீர் 20 பங்குக்கும் குறைவு. நெல்லிக்காயிலோ 80 பங்குக்கு மேல் நீர் உண்டு. ஒரு கிலோ நெல்லியை ஒரு கிலோ தேனில் போட்டால், நாளடைவில் இரண்டும் சேர்ந்த கலவையில் ஏறத்தாழ பாதி நீராகிவிடுகிறது. அது இனித் தேனன்று. நீர்த்த சர்க்கரைக் கரைசல். தேனில் உறங்கிக்கிடந்த ஈஸ்ட்டுகள் விழித்துக்கொள்கின்றன. நெல்லியை ஆவியில் வேகவைத்து, வெயிலில் நன்கு வாடவைத்த பின் தேனில் இட்டால் இத்தொல்லை குறையும். கடையில் வாங்குவோர் சீட்டைப் படிப்பது நல்லது. தேன் நெல்லி என்ற பெயரில் சர்க்கரைப் பாகில் ஊறிய நெல்லியும் விற்பனையாகிறது.

அடுப்பில் ஏறாத பஞ்சாமிர்தம்

பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய் ஆகியவை சேர்ந்தது. பேரீச்சையும் கற்கண்டும் சுவைகூட்டச் சேர்க்கப்படுகின்றன. 2019ஆம் ஆண்டில் இது புவிசார் குறியீடு பெற்றது. இதில் நீரும் சேர்ப்பதில்லை, பாதுகாப்பு மருந்தும் சேர்ப்பதில்லை என்பதே இதன் தனிச்சிறப்பு.

வேதியியல் நோக்கில் இது துணிச்சலான முறை. கொதிக்கவைத்து நுண்ணுயிர்களைக் கொல்வது இங்கில்லை. வாழைப்பழத்தில் புளிப்பும் குறைவு. ஆகவே முழுக் காவலும் சர்க்கரையின்மீதே விழுகிறது. இதற்கு உதவுவது பழத்தின் தன்மை. வாழைப்பழத்தில் மற்றப் பழங்களைவிட நீர் குறைவு. அதிலும் மலைப்பகுதியில் விளையும் விருப்பாட்சி வாழை, நீர்ச்சத்துக் குறைந்த இறுகிய சதை உடையது. நீர் குறைவாயின் அதைப் பிணைக்க வேண்டிய சர்க்கரையும் குறைவு. சாறு மிகுந்த வேறொரு பழத்தைக் கொண்டு இதே முறையில் செய்தால் இரண்டாம் நாளே கள்ளின் வாடை வீசும். இந்த வாழையின் தோட்டங்களை முடிக்கொத்து நோய் தாக்கி அழித்தபோது பழனி மலைப்பகுதி உழவர்களோடு பஞ்சாமிர்தத்துக்கும் அது இழப்பாக இருந்ததன் பொருள் இப்போது விளங்கும்.

ஸ்குவாஷின் மூன்றாவது காவலன்

ஸ்குவாஷில் கரைந்த திடப்பொருள் 40 பங்கு இருந்தால் போதும். பழச்சாறு 25 பங்காவது இருக்கவேண்டும். இந்த அளவு சர்க்கரை ஈஸ்ட்டைத் தடுக்காது. எனவே இங்குப் புளிப்பும் பாதுகாப்பு மருந்தும் காவலுக்கு வருகின்றன. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு அமிலத்தில் கந்தக டைஆக்சைடை வெளிவிடுகிறது. அது நுண்ணுயிரின் செல்லுக்குள் புகுந்து அதன் நொதிகளை முடக்குகிறது. புளிப்பு இல்லாத சாற்றில் இந்த மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. திராட்சை, நாவல் போன்றவற்றின் செந்நிறத்தை அது வெளுக்கச் செய்வதால் அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட்டைப் பயன்படுத்துகின்றனர்.

ஆகக் காவலர் மூவர்: நீரைப் பூட்டும் சர்க்கரை, புளிப்பு, மருந்து. இவர்களோடு வெப்பத்தையும் சேர்க்கவேண்டும். கொதிக்கவைத்து மூடி முத்திரையிட்ட சீசாவில் உணவு கெடாது என்பதைப் பிரெஞ்சு நாட்டு நிக்கோலா அப்பேர் செய்துகாட்டி, 1810இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். நுண்ணுயிரே காரணம் என்று பாஸ்டர் விளக்கியது அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆனால் வெப்பத்தின் காவல் மூடியைத் திறக்கும் வரையில்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மேற்கண்டவற்றை அறிந்தால் சில விதிகள் தாமே புலப்படும். ஈரக் கரண்டியை ஜாமில் விடக் கூடாது. அந்தச் சில துளிகள் மேற்பரப்பில் சர்க்கரையை நீர்க்கச் செய்து பூசணத்துக்கு இடம் தருகின்றன. மூடியின் உட்புறத்தில் கோக்கும் நீர்த்துளிகளும் அவ்வாறே. பூசணம் பிடித்த ஜாமின் மேலேட்டை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்பது தவறு. பூசணத்தின் இழைகளும், சில வகைகள் உண்டாக்கும் நச்சுகளும் கீழேயும் பரவியிருக்கலாம். செப்புப் பாத்திரத்தில் பழத்தைக் காய்ச்சினால் வைட்டமின் சி விரைந்து அழியும், எவர்சில்வர் நல்லது.

குழந்தை வளர்ப்போர் ஒன்றை மறக்கவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சில வேளை இருப்பதுண்டு. தேனுக்குள் அவை முளைப்பதில்லை, பெரியவர்களுக்குத் தீங்கில்லை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகவே தேனோ, தேன் சேர்ந்த பஞ்சாமிர்தமோ கைக்குழந்தையின் நாவில் தடவக் கூடாது.

இவற்றுள் உடலுக்கு நல்லது எது என்று கேட்பீர்கள். புதிய பழத்துக்கு இவற்றில் எதுவும் ஈடாகாது. ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை; வைட்டமின் சியில் ஒரு பகுதி காய்ச்சும்போதே போய்விடுகிறது. இவை பழத்துக்கு மாற்றல்ல. விலைபோகாத பழத்தை வீணாக்காமல் காக்கும் வழிகள். கொய்யா மலிந்து கிடக்கும் நாளில் பத்துக் கிலோவை ஜெல்லியாக்கத் தெரிந்த குடும்பத்துக்கு அது ஒரு சிறு வருவாய். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பழம் பதப்படுத்துவதில் பயிற்சி அளித்துவருகிறது. விற்பதாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறவேண்டும்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பப்பாளிக் காயை ஒரே அளவான துண்டுகளாக வெட்டி மூன்று கிண்ணங்களில் பத்துப் பத்தாகப் போடுங்கள். முதலாவதில் வெறும் நீர்; இரண்டாவதில் 100 மில்லி நீரில் 40 கிராம் சர்க்கரை கரைத்த பாகு; மூன்றாவதில் அதே அளவு நீரில் 200 கிராம் சர்க்கரையைச் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்த பாகு. மூடிவைத்து மறுநாள் துண்டுகளைத் துடைத்து எடைபோடுங்கள். எது எடை கூடியது, எது சுருங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிண்ணங்களை நான்கு நாள் அப்படியே வைத்து, எது முதலில் நுரைக்கிறது என்று கவனியுங்கள். சோதனைத் துண்டுகளை உண்ண வேண்டாம். அடுத்த முறை கேக்கில் ஒரு டூட்டி ஃப்ரூட்டித் துண்டு பல்லில் படும்போது, அதிலிருந்த நீர் எங்கே போயிற்று என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லும்.